தலைமைக்குத் தகுதி

அதிகார பீடத்தில் அமர்ந்திருப்போர், அதில் பங்கு கேட்போரை நோக்கி எந்நாளும் கூறிவரும் விடை ஒன்றுண்டு. "உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை, வந்ததும் தருவோம்" என்பதே அது. தகுதி வந்துவிட்டதா என்று விசாரிப்பவரும் அவரே; தீர்ப்புச் சொல்பவரும் அவரே. பிரதிவாதியே நீதிபதியாக வீற்றிருக்கும் வழக்கில் வாதி ஜயிப்பது எங்ஙனம்? இவ்வழக்கு அரசியலில் மட்டுமன்றிக் கிரிக்கெட் மைதானத்திலும் நடந்ததுண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் காப்டன் பிராங்க் வொரெலின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

அத்தீவுகளின் கோஷ்டி 1928ல் டெஸ்டு பந்தயங்களில் பிரவேசித்தது. ஓட்டங்களைக் குவித்தவர்களிலும் விக்கெட்டுகளை வீழ்த்தியவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பர். தலைமை ஸ்தானமோ வெள்ளையருக்கும் அவரை அடுத்த மேல் வகுப்பாருக்குமே உரியதாயிருந்தது. ஜார்ஜ் ஹெட்லி என்னும் மகத்தான ஆட்டக்காரருக்கு 1948ல் ஒரே ஒரு பந்தயத்தில் அப்பதவி கிடைத்தது. 1950ல் இங்கிலாந்தில் ஒரே ஆட்டத்தில் 261 ஓட்டங்கள் எடுத்த வொரெல், பத்தாண்டுகளுக்குப் பின்னும் பிறர் தலைமையில்தான் ஆடினார். இடையே அவருக்கு அழைப்பு வந்தது, மாஞ்செஸ்டர் சர்வகலாசாலைப் படிப்பை முன்னிட்டு அவரே மறுத்தார் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மையே. ஆயினும் முப்பதாண்டு வழக்கத்துக்கு அஃது ஒரு சமாதானமாகாது.

1960ல் டிரினிடாட்டில் 'தி நேஷன்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்த ஸி. எல். ஆர். ஜேம்ஸ் இவ்வநீதியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். பொதுஜன அபிப்பிராயம் திரண்டது. அவ்வாண்டு ஆஸ்திரேலியா செல்லும் கோஷ்டிக்கு வொரெல் காப்டனானார். ஒரு தொடர் முழுவதற்கும் தலைமை வகித்த முதற் கறுப்பர் அவரே.

பதவி பெற்றவர் என்ன செய்தார்? நேயர்கள் இதையே ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழி தீர்த்தாரில்லை. அவருக்கு முன் காப்டனாயிருந்த ஜெரி அலெக்ஸாண்டர் அவர்கீழ் விக்கெட் காப்பாளராக ஆடி, அத்தொடரில் 484 ஓட்டங்கள் எடுத்தார். பார்படாஸ், ஜமெய்க்கா, டிரினிடாட், கயானா என்று ஊர்ப்பற்றால் பிரிந்து கிடந்தவர்களை ஒரே கோஷ்டியாக்கினார். 1960 டிசம்பர் 14ந் தேதி பிரிஸ்பேனில் இரு தரப்பும் 737 ஓட்டங்களுடன் சமமாய் நின்றன. டெஸ்டு சரித்திரத்தில் அதற்கு முன் நிகழாத முடிவு அது. தொடரில் அவருடைய கோஷ்டி தோற்றது. எனினும் மெல்போர்ன் நகர மக்கள் வீதியில் திரண்டு, வெற்றி வீரருக்குச் செய்வது போல் விடைகொடுத்தனர். இரு நாடுகளும் போட்டியிடும் கேடயம் அவர் பெயரையே தாங்கியது.

1962ல் நம்மவர் அங்கு சென்றபோது ஐந்து டெஸ்டுகளிலும் தோற்றனர். பார்படாஸில் பந்து தலையில் பட்டு நம் காப்டன் நாரி கான்டிராக்டர் உயிருக்கு மன்றாடினார். அவருக்கு ரத்தம் கொடுக்க முன்வந்தோரில் எதிர்க்கோஷ்டித் தலைவர் வொரெலும் ஒருவர். அந்த ரத்தத்தில் நிறபேதம் எங்கே இருந்தது?

அதே ஆண்டில், 1958ல் அமைந்த மேற்கிந்தியக் கூட்டாட்சி குலைந்தது. ராஜதந்திரிகளால் கட்டிக்காக்க இயலாத ஒற்றுமையை ஒரு காப்டன் மைதானத்தில் காத்தார். 1963ல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே மூன்றுக்கு ஒன்று என வென்று ஓய்வு பெற்றார். பதினைந்து டெஸ்டுகளில் தலைமை வகித்து ஒன்பதில் வென்றவர், 1967ல் தமது நாற்பத்திரண்டாம் வயதில் ரத்தப் புற்றுநோயால் மாண்டார்.

இச்சரித்திரம் இரு சாராருக்கும் பாடம். நீந்தத் தெரிந்த பின்பே நீரில் இறங்கு என்பது நியாயமாகாது. பொறுப்பைத் தராமல் பொறுப்புணர்ச்சியைச் சோதிக்க முடியாது. இஃது அதிகாரத்தை விட மறுப்போருக்கு. உரிமை கோரிக் கிளர்ச்சி செய்வோருக்கும் ஒரு வார்த்தை. பதவியைப் பெறுவதுடன் வழக்கு முடிவதில்லை. நேற்று நம்மை ஒதுக்கியவரையும் அரவணைத்து ஆளத் தெரிகிறதா என்பதே கடைசி விசாரணை. வொரெல் அதிலும் தேறினார். நாம் தேறுவோமா?