மணமுறிவும் ஓய்வூதியமும்: கையொப்பத்திற்கு முன் ஒரு கணக்கு



ஐம்பது வயதைக் கடந்துவிட்டால் ஆசிரியர் அறையில் ஓய்வூதியப் பேச்சைத் தவிர வேறு பேச்சு எழுவதில்லை. ஆனால், அந்த ஓய்வூதியத்தை ஒருவர் ஈட்டுவதற்காக வீட்டைத் தாங்கி நின்ற துணை, மணமுறிவுக்குப் பின் என்ன ஆகிறார் என்பதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. மணமுறிவு என்றாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் சமுதாயம் நம்முடையது. அதனால் இழப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 360 மாதம் பணியாற்றி, 6,000 ரிங்கிட் இறுதிச் சம்பளத்தோடு ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். அவருடைய மாத ஓய்வூதியம் 3,600 ரிங்கிட். பணிக்கொடையாக ஒரே தொகையாகக் கிடைப்பது 162,000 ரிங்கிட். அவர் மறைந்த பின், 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி, 'பென்சென் தெர்பித்தான்' எனப்படும் குடும்ப ஓய்வூதியம் அவருடைய மனைவிக்கும் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் செல்கிறது. இங்கே மனைவி என்பவர், அவர் இறக்கும் வேளையில் சட்டப்படி மனைவியாக இருப்பவர். மணமுறிவு பெற்றவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

இருபத்தாறு ஆண்டுகள் இல்லறம் நடத்தி, கணவரின் ஒவ்வோர் இடமாற்றத்திற்கும் தம் வேலையை விட்டுக்கொடுத்த ஒருவருக்கு ஒரு சென்னும் இல்லை. பணி ஓய்வுக்கு மூன்றாண்டு முன் அதே கணவரைக் கைப்பிடித்தவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பின்னவரை நான் குறை கூறவில்லை, அவரும் மனைவியே. ஆனால், முன்னவரின் இருபத்தாறு ஆண்டுகள் எந்தக் கணக்கில் சேரும்?

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. கணவரைப் பிரிந்து பல்லாண்டு தனியே வாழ்ந்தாலும், மணமுறிவு பெறாதவர் சட்டத்தின் பார்வையில் மனைவியே. அவர் கைம்பெண்ணுக்குரிய ஓய்வூதியத்தைக் கோரலாம். முறையாக நீதிமன்றம் சென்று முடித்துக்கொண்டவர்தாம் இழக்கிறார். "கையெழுத்துப் போடாதே அம்மா" என்று நம் பாட்டிமார் சொன்னதைப் பழைமைவாதம் என்று நாம் சிரித்தோம். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறதே!

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் சற்று ஆறுதல் தருகிறது. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பின், மணவாழ்வில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டைப் பேணியதும் பிள்ளைகளை வளர்த்ததும் பங்களிப்பாகவே எண்ணப்படுகின்றன. மணவாழ்வு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதும் கருதப்படுகிறது. ஆனால், அந்த 76ஆம் பிரிவில் ஓய்வூதியம் என்ற சொல்லே இல்லை. முன்னாள் துணைக்கு ஒரு பகுதியைப் பிரித்து மாதந்தோறும் செலுத்தும் ஏற்பாடும் ஓய்வூதியச் சட்டத்தில் இல்லை.

முடியாத செயலா இது? செருமனி 1977இலேயே மணவாழ்வுக் காலத்தில் ஈட்டிய ஓய்வூதிய உரிமையை இருவருக்கும் பங்கிட்டது. கனடா தன் பொது ஓய்வூதியத் திட்டத்தில் 1978 முதல் அவ்வாறே செய்கிறது. இங்கிலாந்து 2000ஆம் ஆண்டு டிசம்பரில் பின்பற்றியது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், பத்தாண்டு மணவாழ்வு நடத்தியிருந்தால் முன்னாள் துணைக்கும் உரிமை உண்டு. அண்டை நாடான சிங்கப்பூரில் மத்திய சேமநிதிப் பணத்தையும் மணச் சொத்தாகவே கருதிப் பிரிக்கிறார்கள். எனக்குச் செருமானிய வழியே நேர்மையானதாகப் படுகிறது. மணவாழ்வின் ஆண்டுகளை எண்ணு; அவற்றுக்குரிய ஓய்வூதியத்தைப் பாதியாக்கு. மனைவி ஆசிரியையாகவும் கணவர் தனியார் பணியாளராகவும் இருந்தால் கணவருக்கும் இதே நியாயம்தான். ஆசிரியைகளில் சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க இயலாதவர்கள், இணக்க மனுவில் கையொப்பமிடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் இரண்டு கேள்விகளையேனும் கேட்க வேண்டும். பணிக்கொடைக்கும் வருங்கால ஓய்வூதியத்திற்கும் ஈடாக வீட்டில் கூடுதல் பங்கு கேட்கலாமா? வாழ்க்கைப்படிக்குச் சொத்துப் பிணை உண்டா? இரண்டாவது கேள்வி மிக முக்கியம். பிணையில்லாத வாழ்க்கைப்படி, கொடுப்பவர் இறந்த அன்றே நின்றுபோகும். பிணையுள்ளது பெறுபவரின் வாழ்நாள்வரை தொடரும், அவர் மறுமணம் செய்யாதவரை.

2024 பிப்ரவரி முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் ஓய்வூதியத்திற்குப் பதிலாக ஊழியர் சேமநிதிக்கு மாற்றப்பட்டுள்ளனர். கணக்கில் தொகை தெரிவதால் அவர்களிடையே பங்கீடு எளிது. எஞ்சியிருப்பது நம் தலைமுறை. இனி இதற்கொரு சட்டத்திருத்தம் தேவையா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். நம் ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வுக்குக் காட்டும் வேகத்தில் கால்பங்கையாவது இதற்குக் காட்டலாம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. தந்தை இறந்தால், தாயிடம் வளரும் பிள்ளைக்கும் 21 வயதுவரை குடும்ப ஓய்வூதியத்தில் பங்கு உண்டு; உயர்கல்வி பயின்றால் முதல் பட்டம் முடியும்வரை உண்டு. இது தெரியாமல் விண்ணப்பிக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அப்படியொரு மாணவர் இருந்தால், பிறப்புப் பத்திரத்தோடு விண்ணப்பிக்குமாறு அத்தாயிடம் சொல்லுங்கள்.