பேசுகிறவரும் பேச வைக்கிறவரும்

பதிவு கொஞ்சம் நீளம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பரீட்சைத் தாளில் நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை என்று யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். 94-ம் வருஷம் பிளஸ் டூ முடித்த செட். பெயர் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். பெரிய தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பிரிவுக்கு அவன்தான் தலைவர். அவர்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை உயர் அதிகாரிகள் முப்பது பேரை ஐந்து நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். நிதிக்கு ஒருவர், தொழிலாளர் சட்டத்துக்கு ஒருவர் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வல்லுநர் வந்து பேசிவிட்டுப் போவார். ஐந்து நாளும் கூடவே இருந்து நடத்துவதற்கு ஒரு நெறியாளர், அவன் பாஷையில் மாடரேட்டர்.

"டீச்சர், அந்த மாடரேட்டர் அம்மா அஞ்சு நாளும் கேள்விதான் கேட்டாங்க. ஒரு ஸ்லைடுகூடப் போடல. அவங்களுக்குக் கொடுக்கிற ஃபீஸுக்கு இன்னும் ரெண்டு எக்ஸ்பர்ட்டைக் கூப்பிடலாமேன்னு எம்.டி. கேக்கறார். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் நோட் போடணும். நீங்க என்ன சொல்றீங்க?"

கேழ்வரகு அடை சாப்பிடச் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன். கம்பெனி நிர்வாகம் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று என் தம்பி கேட்பான். தெரியாதுதான். ஆனால் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலிகள் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் தலைமை ஆசிரியர்களுக்கான உண்டு உறைவிடப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஏறக்குறைய நாற்பது பேர். ஒருநாள் முழுக்க நிதி விதிகள். கருத்தாளராக வந்தவர் அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். குறை சொல்லவே முடியாது. அன்று எடுத்த குறிப்பை ஓய்வு பெறும் வரை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மதியம் என் பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியை எழுந்து கேட்டார். இரண்டு வகுப்பறைச் சுவரில் விரிசல், மூன்று தடவை கடிதம் எழுதியும் பதில் இல்லை, ஐப்பசி மழை வரப்போகிறது, நானே அந்த அறைகளைப் பூட்டலாமா, பூட்டினால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று.

2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு, எங்கள் பக்கத்தில் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் கட்டடம் சின்ன விஷயம் இல்லை. அந்தம்மாவின் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. கருத்தாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அது இன்றைய தலைப்பில் இல்லைங்க அம்மா, மறுபடியும் ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுங்க" என்றார். அந்தம்மா உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் டீ குடிக்கப் போன இடத்தில் கிராமத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "எனக்கும் இதே கதைதான். பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டினேன், அறையைப் பூட்டுவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன், ஊராட்சித் தலைவர்கிட்ட பேசி வகுப்பைச் சமுதாயக் கூடத்துக்கு மாத்தினேன், போட்டோவும் தீர்மான நகலும் சேர்த்துத் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன். ஆள் வந்துட்டாங்க." இன்னும் இரண்டு பேர் தலையாட்டி அவரவர் அனுபவத்தைச் சேர்த்தார்கள். அதாவது, விடை அந்த ஹாலுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. கேட்டவருக்கும் விடைக்கும் நடுவே நான்கு வரிசை பெஞ்சு. அந்தம்மா தலைவலி என்று அறைக்குப் போய்விட்டதால் டீக்கடைக்கு வரவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது நான் போய்ச் சொன்னேன். எனக்கு அன்று டீ குடிக்கத் தோன்றாமல் போயிருந்தால்?

அந்த ஹாலில் ஒரு நெறியாளர் இருந்திருந்தால் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருப்பார்: "இந்த நிலைமை வேறு யாருக்கு வந்தது?" அதற்குத்தான் ஃபீஸ்.

பெரியவர்களுக்கான பயிற்சியில் இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் ஹென்லி என்ற ஊரில் 1945-ல் நிர்வாகப் பணியாளர் கல்லூரி ஒன்று தொடங்கினார்கள். நோயல் ஹால் என்பவர் முதல் முதல்வர். தொழிற்சாலை, வங்கி, அரசாங்கம், ராணுவம் என்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் குழுவில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலர். அடுத்த விஷயத்துக்கு ஆள் மாறும். கல்லூரி ஆசிரியர் கூடவே உட்கார்ந்திருப்பார், பாடம் நடத்த மாட்டார். வெளி வல்லுநர்கள் வருவார்கள், குழு தயாரித்து வைத்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். இதைப் பார்த்துத்தான் 1956-ல் ஹைதராபாத்தில் நம் நாட்டு நிர்வாகப் பணியாளர் கல்லூரி வந்தது. முன்பு பேரார் இளவரசர் இருந்த பெல்லா விஸ்டா மாளிகையில் இன்றும் இயங்குகிறது.

எனக்கு இன்னும் பிடித்த ஆள் ரெக் ரெவன்ஸ். கேம்பிரிட்ஜில் கேவன்டிஷ் ஆய்வகத்தில் இயற்பியல் படித்தவர், 1928 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர். போருக்குப் பிறகு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பயிற்சிக்குப் பொறுப்பாக வந்தார். சுரங்க மேலாளர்களை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்க வைத்தால் வெளியாள் வந்து பேசுவதைவிட அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டார். அதை ஒரு சமன்பாடாகவே எழுதிவைத்தார்: கற்றல் = பி + க்யூ. பி என்பது ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கும் அறிவு. க்யூ என்பது கேள்வி கேட்டுக் கிடைக்கும் தெளிவு. கணக்கு டீச்சருக்குப் பிடிக்காமல் இருக்குமா?

ஆனால் ரெவன்ஸ் கடைசி வரை வல்லுநர்களைச் சந்தேகத்தோடேயே பார்த்தார். அங்கே நான் அவரோடு சேர மாட்டேன். கூட்டல் கணக்கில் ஒரு பக்கத்தை அழித்துவிட்டால் கூட்டல் ஏது?

ஓர் உதாரணம். 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. ஒரு குழந்தைக்குத் தவறு நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். தன் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஒரு வருஷம் வரை சிறை. இந்த விஷயத்தில் நாற்பது தலைமை ஆசிரியர்களை வட்டமாக உட்கார வைத்து "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு நெறியாளர் கேட்டால் அது ஆபத்து. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பெற்றோரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசலாம்" என்று நாலு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அங்கே சட்டம் தெரிந்தவர் எழுந்து நின்று, இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று கறாராகச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த கேள்விதான் நெறியாளருடையது: குற்றம் சாட்டப்பட்டவர் உங்களோடு பதினைந்து வருஷம் ஒரே அறையில் டிபன் பாக்ஸ் திறந்தவர், இப்போது போனை எடுக்க உங்கள் கை வருமா? வராவிட்டால் எதனால்? இதை எந்தச் சட்டப் புத்தகமும் கேட்காது.

கெட்ட நெறியாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பேப்பர் கப்பை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொல்வார்கள், காலில் பலூனைக் கட்டி ஒருவர் பலூனை ஒருவர் மிதிக்கச் சொல்வார்கள். ஐம்பது வயதுக்கு மேல் மூட்டு வலியோடு பலூன் மிதித்து நான் கற்றுக்கொண்டது, மருந்து டப்பாவை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்பது மட்டும்தான். கைதட்டி, கைதட்டச் சொல்லி, எல்லோரும் சொன்னதையும் "சூப்பர், சூப்பர்" என்று சார்ட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறவர் நெறியாளர் இல்லை. யார் பேசவில்லை, யார் பேசியதும் மற்றவர்கள் வாயை மூடினார்கள் என்று கவனிக்கிறவர்தான் நெறியாளர். மேலே போகப் போக, "சார், நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்ல ஆள் குறைந்துகொண்டே போகும். உயர் அதிகாரிகளின் அறையில் எம்.டி.க்கு வேண்டியவர் முதலில் பேசிவிட்டால் அந்த விஷயம் அதோடு முடிந்தது. அதனால்தான் இந்த வேலைக்குக் கம்பெனிக்கு வெளியேயிருந்து ஆள் வேண்டும். சம்பள உயர்வுக்கு அந்த அறையில் யாரையும் நம்பியிருக்காத ஆள்.

இது சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். நானே சொதப்பியிருக்கிறேன்.

புதிதாகப் பதவி உயர்வு பெற்ற தலைமை ஆசிரியர்களுக்கான முகாமில் ஒரு குழுவுக்கு என்னை நெறியாளராகப் போட்டார்கள். ஒரு தம்பி எழுந்து, "எங்க ஸ்கூல்ல டைம்டேபிள் பிரச்சினைங்க மேடம், ஸ்டாஃப் ரெண்டு கட்சியா நிக்கிறாங்க" என்றார். டைம்டேபிள்! என் சொந்த ஊர் மாதிரி. முப்பது வருஷம் போட்டிருக்கிறேன். சாக்பீஸை எடுத்தேன், கட்டம் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் தீர்த்து வைத்தேன். தம்பி நன்றி சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை.

இரண்டு மாதம் கழித்துப் போனில் பேசும்போதுதான் உண்மை வந்தது. அவருக்கு ஆரம்பத்தில் வேலை கற்றுக்கொடுத்த மூத்த ஆசிரியர் அதே பள்ளியில் இருக்கிறார். குடும்பச் சூழ்நிலையால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது இவர் கீழே. அவருக்குக் கடைசி பீரியடோ, லீவு போட்டவர் வகுப்போ கொடுக்க இவருக்கு வாய் வரவில்லை. அதெல்லாம் மற்றவர்கள் தலையில் விழுந்தது, அதனால் சண்டை. நான் கட்டம் போட்டதில் ஒரு தப்பும் இல்லை, அது ஒரு வாரம்கூட நிற்கவும் இல்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன். "நீங்க கேக்கலையே மேடம்" என்றார்.

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். இன்றைக்கும் உறுத்துகிறது. விடை தெரிந்தவள் என்பதாலேயே நான் கேட்கவில்லை. வல்லுநரையும் நெறியாளரையும் ஒரே ஆளிடம் கொடுத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாமா என்று அவன் என்னிடம் கேட்டதற்கு இதுதான் பதில். ஹார்வர்டில் கேஸ் முறையில் நடத்தும் பேராசிரியர்களும், 1961-ல் ஹார்வர்டின் துணையோடு தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நடத்துகிறவர்களும் இரண்டையும் ஒருவராகவே செய்கிறார்கள்தான். அது அவர்களுக்கு வருஷக்கணக்கில் பழகின கை. கேட்பவர்களும் முந்தின நாளே படித்துவிட்டு வருவார்கள். அரைநாள் வந்து போகிறவருக்கு அது வராது.

ஆக, புதன்கிழமை அவனுக்குப் போன் போட்டேன். முதலில் ஒரு கேள்வி: "போன வருஷம் அந்த அஞ்சு நாள்ல நடந்ததுல இப்ப உனக்கு என்னடா ஞாபகம் இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான். பர்ச்சேஸ் மேனேஜரும் புரொடக்‌ஷன் மேனேஜரும் இரண்டு வருஷமாக மெயிலில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் அந்த மாடரேட்டர் அம்மா, "உங்க வேலையைப் பத்தி அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்க" என்று இரண்டு பேரையும் கேட்டாராம். அன்று ராத்திரி இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்களாம். இப்போது ஸ்டாக் தகராறு வருவதில்லையாம்.

"எக்ஸ்பர்ட் போட்ட ஸ்லைடெல்லாம்?"

"பென் டிரைவ்ல இருக்கு டீச்சர்."

சரி, நோட்டில் இப்படி எழுது என்றேன். நெறியாளரை எடுக்காதே. வல்லுநர்களில் ஒருவரைக் குறை, அவர் பேசுவதை முன்கூட்டியே எழுதி வாங்கிப் படித்துவிட்டு வரச் சொல். மீதி வல்லுநர்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டாம், ஆனால் பேசி முடித்ததும் காரில் ஏறவும் கூடாது. விவாதம் முடியும் வரை உட்கார்ந்து, யாராவது சட்டத்தையோ கணக்கையோ தப்பாகச் சொன்னால் திருத்தட்டும். நெறியாளரும் வல்லுநர்களும் முன்னாலேயே ஒருநாள் சேர்ந்து உட்காரட்டும். முப்பது பேரிடமும் நெறியாளர் தனித்தனியே போனில் பேசி, யார் எந்தத் தலைவலியோடு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். முகாமில் யார் என்ன சொன்னார்கள் என்பது எம்.டி. காதுக்குப் போகாது என்று எழுத்தில் வாங்கு. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மூன்று மாதம் கழித்து அரைநாள் மறுபடி கூட்டு. என் டைம்டேபிள் தம்பி மாதிரி ஒருவர் அப்போதாவது வாய் திறப்பார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அப்புறம் இழுத்தான். "ஒரு சிக்கல் டீச்சர். குறைக்கணும்னா நிதிக்கு வர்றவரைத்தான் குறைக்க முடியும். அவர் எம்.டி.க்கு காலேஜ் கிளாஸ்மேட்."

யோசனை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "அந்த மீட்டிங்ல உன் பக்கம் பேசக்கூடியவங்க யாராவது இருக்காங்களாடா?" என்று மட்டும் கேட்டேன்.

"பர்ச்சேஸ் மேனேஜர் பேசுவார்" என்றான். கொஞ்சம் விட்டு, "புரொடக்‌ஷன் மேனேஜரும்" என்றான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.