கிட்னி கொடுத்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்



ஒருவருக்கு கிட்னி மாற்று ஒப்பரேஷன் என்றால் நம் ஊர் சும்மா இருப்பதில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சேர்ப்போம். வட்ஸ்அப் குழுக்களில் வங்கிக் கணக்கிலக்கம் போகும். புத்தளத்தில் உள்ள சொந்தங்களும் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளும் அனுப்புவார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல குணம்தான். ஆனால் சேர்க்கிற காசும் கேட்கிற துஆவும் நோயாளிக்கே போகின்றன. கிட்னி கொடுத்த தாத்தாவையோ நானாவையோ ஒரு வருடம் கழித்து "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்க ஆளில்லை.

கொடுத்தவரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு. ஒன்று, "அவருக்கு ஒற்றைக் கிட்னிதானே, இனி ஒன்றுக்கும் ஆகாது." மற்றது, "அவருக்கென்ன, நல்லாத்தானே திரிகிறார்." இரண்டுமே பிழை.

முதல் பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு ஆசிரியர் இருக்கிறார். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், உலகின் முதலாவது வெற்றிகரமான கிட்னி மாற்று ஒப்பரேஷனில், ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தார். பிறகு கணித ஆசிரியராக வேலை செய்தார், விவசாயமும் பார்த்தார். 2010 இல் மௌத்தாகும்போது வயது 79. ஒற்றைக் கிட்னியோடு 56 வருடம்! நம் நாட்டிலும் 1985 இல் பேராசிரியர்கள் ஷெரீப்தீன், ரிஸ்வி ஷெரீப் ஆகியோர் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார்கள்.

ஒன்றை எடுத்ததும் மிஞ்சிய கிட்னி கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தானே செய்யப் பழகிவிடும். ஆகவே கொடுத்தவர் நோயாளி அல்ல. சில கிழமைகள் பாரம் தூக்காமல் இருந்து, வைத்தியர் சரி என்ற பிறகு கடலுக்கும் போகலாம், வயலுக்கும் போகலாம். கிட்னி கொடுத்த பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது அதை ஒரு குறையாகச் சொல்வது அநியாயம்.

இரண்டாவது பேச்சுதான் ஆபத்து. அமெரிக்காவில் சுமார் 96,000 கொடையாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014 இல் வெளிவந்தது. வாழ்நாளில் கிட்னி முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு 90. அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் 14. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கவனிக்காமல் விடக்கூடியதும் இல்லை. கிட்னி பழுதாவது ஆரம்பத்தில் வலிக்காது. பரிசோதித்தால்தான் தெரியும்.

கொடுத்தவர் செய்ய வேண்டியது பெரிய விடயமல்ல. வருடத்துக்கு ஒரு தடவை பிரசர், இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், சீனி ஆகியவற்றைப் பார்ப்பது. உப்பைக் குறைப்பது. நமக்குக் கருவாடும் உப்பு மீனும் இல்லாமல் சோறு இறங்காது, அதனால்தான் சொல்கிறேன். எடை ஏறாமல் பார்ப்பது, சிகரெட்டை விடுவது. இந்த வெயிலில் தாகம் வரும்வரை காத்திராமல் நல்ல தண்ணீர் குடிப்பது. முதுகுவலிக்கு டைக்குளோபெனக், ஐபுபுரூபன் போன்ற குளிசைகளைப் பார்மசியில் கேட்டு வாங்கிப் போடாமல் இருப்பது. எந்த வைத்தியரிடம் போனாலும் "எனக்கு ஒரு கிட்னிதான்" என்பதை முதலில் சொல்வது. கர்ப்பமான தங்கச்சிமார் முதல் கிளினிக்கிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்ப்பகாலத்தில் பிரசர் ஏறும் வாய்ப்பு அவர்களுக்குக் கூட. ரமழானுக்கு முன் வைத்தியரிடம் ஆலோசனை கேளுங்கள். நோன்பு பிடிக்க முடியாத நிலை என்றால் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் போவதில்லை? நாட்கூலிக்குப் போகிறவருக்கு மன்னாருக்கோ கொழும்புக்கோ கிளினிக் போவதென்றால் ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் போய்விடும். அரச வைத்தியசாலையில் பரிசோதனை இலவசம். அங்கே போய்வருவது இலவசமல்ல. வீட்டில் உம்மாதான் கொடுத்தவர் என்றால், தனக்காக ஒரு நாளை ஒதுக்கவே மாட்டார்.

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடமும் நலன்புரிச் சங்கங்களிடமும் என் கோரிக்கை இது. அடுத்த முறை கிட்னி ஒப்பரேஷனுக்குக் காசு சேர்க்கும்போது ஒரு பங்கைக் கொடுப்பவரின் பெயரில் தனியாக வையுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போக முடியாத கிழமைகளுக்கும், அதன்பின் ஐந்து வருடக் கிளினிக் பயணத்துக்கும் அது உதவட்டும். இது கிட்னிக்கு விலை அல்ல. விற்பது நாட்டுச் சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் ஹராம். 1988 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி உறுப்புக் கொடையை அனுமதித்தபோது, கொடுப்பவருக்குப் பெரிய தீங்கு வரக்கூடாது என்றுதான் நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனை ஒப்பரேஷன் நாளோடு முடிவதில்லை.

உங்கள் குடும்பத்தில் கொடுத்தவர் இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கள், கடைசியாக எப்போது பிரசர் பார்த்தார் என்று. ஞாபகமில்லை என்றால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.