தராசு யார் கையில்?

"படுத்துறங்கும்போதும் பணம் கொட்டும்!"

"கைப்பேசி ஒன்று போதும், கல்லூரியில் இருந்தபடியே மாதம் ஓர் இலட்சம்!"

திருவிழாக் கடைவீதியிலே வித்தைக்காரன் கொட்டி முழக்கும் பேச்சுப்போல இருக்கிறதல்லவா? நாள்தோறும் நம் வீட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஒளிரும் திரையிலே ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு இது. அழைப்பவன் யாரோ, எங்கோ! அழைக்கப்படுபவன் நம்மூர்ப் பிள்ளை. விருத்தாசலத்திலே அரசு பீங்கான் தொழில்நுட்ப நிலையத்தில் படிக்கிறான். அல்லது கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறான். தந்தை சூளையில் வேகிறார். தாய் முந்திரித் தோப்பிலே கூலிக்குக் கொட்டை பொறுக்குகிறார். தேர்வுக் கட்டணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவன் செவியிலே இந்த அழைப்பு விழுந்தால், தேனாக இனிக்காமல் வேறெப்படி இருக்கும்?

இப்பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஏசுவோர் உண்டு. உழைக்காமல் உண்ண நினைக்கிறார்கள் என்று நையாண்டி செய்வோரும் உண்டு. நாம் அந்தக் கூட்டத்திலே சேரமாட்டோம். பகலெல்லாம் பாடம் படித்து, இரவெல்லாம் கண்விழித்து, எவரோ செய்த மிக்சியின் அருமையை, எவரோ தைத்த சட்டையின் பெருமையைத் தமிழிலே எழுதி, படமெடுத்து, பேசிப் பதிவிடும் பிள்ளை சோம்பேறியா? உழைக்கிறான் ஐயா, உழைக்கிறான்! உழைப்புக்குக் கூலி எவ்வளவு, அதை அளப்பவன் எவன் என்பதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

அஃபிலியேட் மார்க்கெட்டிங்! வாய்க்குள் நுழையாத பெயர். பொருளோ நமக்குப் பழகிய பொருள். தரகு! ஒரு கடையின் பொருளைப் பற்றிப் பேசி, லிங்க் எனப்படும் இணைப்பைக் கொடுக்கிறான் மாணவன். அந்த இணைப்பைத் தொட்டு ஒருவர் போய்ப் பொருளை வாங்கினால், விலையிலே நூற்றுக்கு இத்தனை என்று தரகு. அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் புத்தகம் விற்பதற்காக இம்முறையைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் பரவி நிற்கிறது. 2024 அக்டோபரில் யூடியூப் நிறுவனமும் ஃபிளிப்கார்ட்டு, மிந்த்ரா ஆகியவற்றோடு கைகோத்து இந்தியாவிலே இத்தகைய தரகு முறையைத் திறந்துவிட்டது.

தரகு இழிவா? இல்லை. வாங்குவோனையும் விற்போனையும் சேர்த்து வைப்பதும் ஒரு தொழில்தான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் மாணவனின் பதிவைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களிலே இருபது பேர் இணைப்பைத் தொடுகிறார்கள். அந்த இருபதிலே ஒருவர் 600 ரூபாய்ப் பொருளை வாங்குகிறார். தரகு நூற்றுக்கு 5 என்றால், கைக்கு வருவது 30 ரூபாய்! மாதம் 3,000 ரூபாய் பார்க்க வேண்டுமென்றால் இத்தகைய நூறு பேர் வாங்க வேண்டும். ஓர் இலட்சம் பேர் பார்க்க வேண்டும். விருத்தாசலத்துக் கடைத்தெருவையே திரட்டி வந்து நிறுத்தினாலும் போதாது. "மாதம் ஓர் இலட்சம்" என்று முழங்கினார்களே, இந்த இலட்சத்தைத்தான் சொன்னார்களோ!

அந்த 30 ரூபாயாவது உறுதியா? அமேசானின் விதியைப் படியுங்கள். இணைப்பைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் பொருளை வாங்கவோ, கூடையில் போட்டு வைக்கவோ வேண்டும். மாணவன் சொல்லைக் கேட்டு மனம் இளகியவர், சம்பள நாள் வரட்டும் என்று காத்திருந்து, பத்தாம் நாள் தாமாகவே கடைக்குள் போய் வாங்கினால், தரகு இல்லை. வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், தரகு இல்லை. சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது காட்டாவிட்டால், கணக்கே இல்லை!

தரகு வீதத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் யார்? அவர்களே! 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, கொரோனாக் கொடுமையால் ஊரே கதவடைத்துக் கிடந்த வேளையிலே, அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வீட்டுத் தளவாடங்களுக்கு நூற்றுக்கு 8 என்றிருந்த தரகு, 3 ஆயிற்று. மளிகைப் பொருளுக்கு 5 என்றிருந்தது, 1 ஆயிற்று. எப்போதிருந்து? ஏப்ரல் 21 முதல். ஏழே நாள்! பல ஆண்டு உழைத்து எழுதிக் குவித்தவர்களின் வருவாய் ஒரு வாரத்திலே பாதிக்கும் கீழே சரிந்தது. "ஏன்?" என்று கேட்க மன்றம் இல்லை. ஒப்பந்தத்தை நிறுவனமே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கையொப்பமும் வாங்கி வைத்திருக்கிறார்கள்!

இந்தக் கதை விருத்தாசலத்துக்குப் புதிதல்ல. இவ்வூர்ப் பாட்டனைக் கேளுங்கள். மணிலாக்கொட்டை மூட்டையை வண்டியில் ஏற்றி மண்டிக்குப் போவான் உழவன். தரகனும் வியாபாரியும் துண்டுக்கடியிலே கைகோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். என்ன விலை முடிந்தது என்பது மூட்டைக்கு உரியவனுக்கே தெரியாது! எடையிலே ஒரு பிடித்தம், சாக்குக்கு ஒரு பிடித்தம், தரகுக்கு ஒரு பிடித்தம். பிடித்தது போக மிஞ்சியதை மடியில் கட்டிக்கொண்டு வெறும் வண்டியோடு திரும்புவான்.

அந்த அநியாயம் தானாகவா ஒழிந்தது? சட்டம் வந்து ஒழித்தது. 1933ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திலே வாணிபப் பயிர்ச் சந்தைகளுக்கான சட்டம் பிறந்தது. 1936இல் திருப்பூரிலே பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் எழுந்தது. 1987இல் தமிழ்நாட்டுக்கென விரிவான புதுச் சட்டமும் வந்தது. இன்று விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலே மணிலாவும் எள்ளும் உளுந்தும் மூட்டை மூட்டையாய் வந்து இறங்குகின்றன. எடை கண்ணெதிரே! விலை ஏலத்திலே! குறை அங்கே இன்னும் இருக்கலாம். துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் வேலை இல்லை.

பாட்டனுக்குக் கிடைத்த அந்த நீதி பேரனுக்கு உண்டா? எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நிறுவனம் சொல்லுவதுதான் கணக்கு. சரிபார்க்க வழியில்லை. துண்டு மறைந்தது, கண்ணாடித் திரை வந்தது. விரல்கள் மட்டும் இன்னும் மறைவிலேயே இருக்கின்றன!

சட்டமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, மாணவனுக்கு! பொய் விளம்பரத்தைத் தடுக்க 2022 ஜூனில் ஒன்றிய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியிலே, ஒரு பொருளைப் பரிந்துரைத்துக் காசோ பயனோ பெறுவோர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியது. பொய்ப் பரிந்துரைக்கு முதல்முறை 10 இலட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை தண்டம் விதிக்கலாம். நல்ல சட்டம், வரவேற்கிறோம். வாங்குவோரை ஏமாற்றக் கூடாது என்பதிலே நமக்கு மாற்றுக் கருத்தில்லை. 30 ரூபாய் வாங்குபவனுக்கு இத்தனை கடிவாளம் பூட்டத் தெரிந்த அரசுக்கு, தரகு வீதத்தைத் தானே வெட்டும் நிறுவனத்துக்கு ஒரு கடிவாளம் பூட்டத் தெரியவில்லையே, அதுதான் வேதனை!

இதற்குமேல் இன்னொரு கூட்டம் இருக்கிறது. தரகு தேடும் பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தின்னும் கூட்டம்! "வழி சொல்லித் தருகிறோம், இத்தனை ஆயிரம் கட்டு" என்பார்கள். "கட்டிவிட்டாயா? இனி உன் நண்பர் நால்வரைச் சேர்த்துவிடு, அவர்கள் கட்டுவதிலே உனக்குப் பங்கு" என்பார்கள். இங்கே விற்பனையாகும் சரக்கு மிக்சியும் இல்லை, சட்டையும் இல்லை. மாணவனின் நண்பர்களே சரக்கு! ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணம் புரட்டும் இந்தக் கோபுர வித்தையை நேரடி விற்பனை நிறுவனங்கள் நடத்தக் கூடாதென்று 2021 டிசம்பரிலே ஒன்றிய அரசு விதி செய்தது. ஆனாலும் ஆசை அடங்குகிறதா? விளம்பரம் பார்த்தாலே பணம் என்று சொன்ன கோவை மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது 2024 ஜனவரியில் காவல்துறை வழக்குப் பதிந்தபோது, அந்நிறுவனத்துக்கு ஆதரவாக நீலாம்பூரிலே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கூட்டத்தை! வேலையற்ற பட்டதாரியும், வீட்டுச் செலவுக்குத் தவிக்கும் தாய்மாரும் அங்கே நின்றார்களென்றால், அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது பேராசை மட்டுமா? வேறு வழி தெரியாத வாட்டமும்தான்!

ஆகவே, தம்பி! தங்கையே! உரைகல் ஒன்று சொல்கிறோம், மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். மெய்யான தரகிலே பணம் உன்னிடம் வரும், உன்னிடமிருந்து போகாது. முதலில் நீ கட்டு என்று எவன் சொன்னாலும் எழுந்து வா. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழை.

"அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. பொருளின் குணம் அறிந்து, படமெடுத்து, எளிய தமிழிலே எடுத்துச் சொல்லி, வாங்குவோர் மனத்தைத் தொடும் கலை சாதாரணக் கலையா? அந்தக் கலைக்காக ஏங்கி நிற்கும் சரக்கு விருத்தாசலத்திலேயே இருக்கிறதே! நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணிலே பிறந்த பீங்கான் தொழில் இது. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை என்று ஆயிரம் கைகள் வனைந்து, சூளையில் சுட்டுத் தரும் ஊர் இது. சீனத்துச் சரக்கோடும் நெகிழிப் பண்டத்தோடும் போராடித் தவிக்கிறது. தந்தை சுட்ட பொருள் கூடையிலே தேங்க, மகன் எங்கோ செய்த பொருளுக்கு 30 ரூபாய்த் தரகுக்கு விழித்துக் கிடக்கிறான். இந்தக் கொடுமையை என்னென்பது!

1953ஆம் ஆண்டு, கைத்தறித் துணி தேங்கி நெசவாளி பட்டினி கிடந்தபோது, அறிஞர் அண்ணாவும் கழகத் தோழர்களும் துணி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். தோளிலே சுமந்ததை இன்று இணையத்திலே சுமக்கலாம். நெசவாளிக்கு 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது; அதுபோல விருத்தாசலம் பீங்கானுக்குக் கூட்டுறவு இணையக் கடை ஒன்று எழட்டும். விற்றுத் தரும் மாணவனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பலகையில் எழுதிப் போடட்டும். கணக்கு எவரும் பார்க்கும்படி இருக்கட்டும். கார்த்திகைக்கு ஓர் அகல், கொலுவுக்கு ஒரு பொம்மை என்று தமிழ் வழங்கும் நாடெங்கும் சரக்கு போகட்டும்.

பெரு நிறுவனங்களுக்கும் கட்டு வேண்டும். உணவும் பொருளும் சுமந்து ஓடும் கிக் தொழிலாளருக்கு 2023இல் தமிழக அரசு தனி நல வாரியம் கண்டது. சுமப்பவனை நினைத்த நாடு, பேசி விற்பவனையும் நினைக்கட்டும். தரகைக் குறைப்பதென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். கணக்கை மூடினால் காரணம் சொல்ல வேண்டும். முறையிட ஒரு மன்றம் வேண்டும். அமேசான் கடை 2020 முதல் தமிழ் பேசுகிறது. நம்மிடம் விற்கத் தமிழ் வேண்டுமென்றால், நம் பிள்ளை கையொப்பமிடும் ஒப்பந்தமும் தமிழிலே வேண்டும்!

மண்டித் தராசை அரசின் முத்திரைக்குக் கீழே கொண்டுவர ஒரு தலைமுறை பாடுபட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தராசையும் சந்தைக்கு நடுவே, எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடும் வேலை இந்தத் தலைமுறைக்கு. எடை தெரிந்தபின் பேசுவோம் தரகு!