எந்தச் சாவிக்கும் திறக்கும் பூட்டை விற்போமா?



நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன ஊர். 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுக்கடைக்காரர் ஒருவரிடம் போய், "அண்ணே, எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கிற மாதிரி ஒரு பூட்டு கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் நாலு கடை தள்ளி எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நாம் என்ன செய்கிறோம்? எந்த நாட்டுப் பிளக்கைச் செருகினாலும் ஏறுகிற அடாப்டரைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் விற்றுக்கொண்டிருக்கிறோம். நானும் விற்றவன்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் கடைக்கு ஒரு மேசை விளக்கைக் கொண்டு வந்தார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் ஆசையாக வாங்கி வந்தது. பித்தளைத் தண்டு, துணிக் கூடு, பார்க்க அத்தனை அழகு. பிளக் மட்டும் நம் ஊர் சாக்கெட்டில் ஏறவில்லை. கடைப் பையன் தட்டைப் பின் பிளக்கை வெட்டி எறிந்தான், நம் ஊர் டூ பின் பிளக்கைப் போட்டான், பெட்டியில் இருந்த திருகு பல்பு ஒன்றை மாட்டினான். எரிந்தது. நாற்பது ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். "தம்பி, விளக்கு சுவிட்சை அணைச்சிட்டுத்தான் மருமகள் பல்பைக் கழட்டினா. அப்புறம் எப்படி ஷாக் அடிக்கும்?" என்று கேட்டார். அந்தப் பெண் கையை உதறியதில் விளக்கு கீழே விழுந்து, அவரும் நாற்காலியில் இடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கோ பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனமும் வரவில்லை. "சரியா அணைச்சிருக்க மாட்டாங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. அதன்பின் கடைப் பக்கம் வரவும் இல்லை.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி, தவறு எங்களுடையது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. இதை ஒவ்வொரு எலக்ட்ரிகல் கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது பின் டைப் ஹோல்டர். அதில் இரண்டு முனைகளும் உள்ளே ஆழத்தில் ஒரே மாதிரி இருக்கும். எந்த ஒயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பேஸ் எது, நியூட்ரல் எது என்று பார்க்கும் பழக்கமே நம் கைக்கு வரவில்லை. அமெரிக்க விளக்கில் இருப்பது திருகு ஹோல்டர். அடியில் நடுவே ஒரு நாக்கு, சுற்றிலும் மரை போட்ட உலோகக் கூடு. பேஸ் நடு நாக்குக்குத்தான் போக வேண்டும், கூட்டுக்கு நியூட்ரல்தான் போக வேண்டும். பல்பைக் கழற்றும்போது விரல் படுவது கூட்டில்தான். இரண்டும் மாறிவிட்டால் கூடு முழுவதும் 230 வோல்ட். இதற்கு மேல் இன்னொன்று: விளக்கிலேயே உள்ள சுவிட்சு பேஸை அறுப்பதற்காக வைக்கப்பட்டது. ஒயர் மாறிவிட்டால் அது நியூட்ரலை அறுக்கும். பல்பு அணைந்துவிடும், கரண்ட் கூட்டிலேயே நிற்கும். ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான்.

அமெரிக்கக்காரன் இதை நினைத்துத்தான் பிளக்கின் ஒரு பின்னை அகலமாகச் செய்திருக்கிறான். அகலமான பின் நியூட்ரல். ஒட்டு ஒயரில் வரி ஓடும் பக்கம் நியூட்ரல், வழவழப்பான பக்கம் பேஸ். எங்கள் பையன் அந்தப் பிளக்கை வெட்டிக் குப்பையில் போட்டபோது அந்த அடையாளத்தையும் சேர்த்தே போட்டுவிட்டான். போதாக்குறைக்கு நம் டூ பின் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏறும். இன்று சரியாக இருப்பது நாளை வீடு பெருக்கும்போது கழற்றி மாட்டினால் தலைகீழாகிவிடும்.

நிறத்தை நம்பியும் ஏமாறுகிறோம். நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க ஒயரிங்கில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். லண்டன் சரக்கில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். "கறுப்பைக் கறுப்போடு சேர்" என்று கவுண்டரில் இருந்தபடி பையனுக்குக் குரல் கொடுப்பவர்கள் இந்த ஒரு வரியை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது வோல்டேஜ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். துபாய், சிங்கப்பூர், லண்டன் எல்லாம் நம்மை ஒட்டியே வரும். சவூதியில் பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது, ஆகவே அங்கிருந்து வரும் சரக்கில் சீட்டைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது. வாடிக்கையாளர் அடாப்டரைக் "கன்வெர்ட்டர்" என்கிறார், நாமும் ஆமாம் போடுகிறோம். அது பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர, ஒரு வோல்ட்டைக் கூடக் குறைக்காது. 120 வோல்ட்டுக்கான 60 வாட் குண்டு பல்பை நம் லைனில் போட்டால் கணக்குப்படி 220 வாட் இழுக்கப் பார்க்கும். ஒரு மின்னலோடு போய்விடும்.

இதைக் கேட்டு அமெரிக்க விளக்கே ஆகாது என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். சாதாரண மேசை விளக்கில் இருப்பது ஒயர், சுவிட்சு, ஹோல்டர், பல்பு, அவ்வளவுதான். அந்த ஒயரின் மேல் பெரும்பாலும் 300 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கும், ஹோல்டரில் 250 வோல்ட் என்று பொறித்திருக்கும். அப்படி இருந்தால் பல்பையும் பிளக்கையும் மாற்றினால் போதும், டிரான்ஸ்பார்மர் வேண்டியதில்லை. நம் கடையில் கிடைக்கும் இ27 எல்.இ.டி. பல்பு அந்த ஹோல்டரில் பெரும்பாலும் ஏறிவிடும். சரவிளக்கில் வரும் சிறிய ஹோல்டருக்கு நம் பல்பு சேராது, ஹோல்டரையே மாற்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: "அதிகபட்சம் 60 வாட்" என்று எழுதியிருந்தால் இங்கும் 60 வாட்தான். வோல்டேஜ் இரட்டிப்பு என்பதால் வாட்டும் இரட்டிப்பு என்று ஒரு கடையில் சொல்லக் கேட்டேன். சூட்டைத் தீர்மானிப்பது வாட். கூட்டுத் துணி எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் கருகும்.

கை வைக்கக் கூடாத சரக்கும் உண்டு. தொட்டால் எரியும் விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ளது, சோக் வைத்த டியூப் விளக்கு, உள்ளேயே எல்.இ.டி. போர்டு உள்ளது. இவற்றில் 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் லைனுக்கு நேரடியாக ஆகாது. கடிகாரம் சேர்ந்த பழைய விளக்கு ஒன்று வந்தது. டிரான்ஸ்பார்மர் போட்டுக் கொடுத்தேன், விளக்கு எரிந்தது, கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50-இல் அப்படித்தான் ஓடும். அதே சமயம் சீட்டில் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் பிளக் மட்டுமே பிரச்சினை.

துபாய், சிங்கப்பூர் சரக்குக்கு வோல்டேஜ் கவலை இல்லை, ஆனால் வேறொன்று உண்டு. அந்தச் சதுரப் பின் பிளக்குக்குள்ளே ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. விளக்குக்கு 3 ஆம்பியர் போட்டிருப்பார்கள், மெல்லிய ஒயரைக் காப்பாற்றுவதற்காக. (வெள்ளைக்காரன் நமக்கு உருண்டைப் பின்னைப் பழக்கிவிட்டு, தன் வீட்டுக்கு 1947-இல் பியூஸ் வைத்த சதுரப் பின்னைக் கொண்டுவந்துவிட்டான்.) அதை வெட்டிவிட்டு நம் பிளக்கைப் போடும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கிட்கேட் பியூஸில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பியூஸ் போவதற்கு முன் விளக்கு ஒயர்தான் எரியும்.

இப்போது என் கடையில் செய்வது இது. வெட்டுவதற்கு முன்பே நியூட்ரல் பக்கத்தில் டேப் சுற்றி அடையாளம் வைக்கிறோம். உலோக உடம்பு உள்ள விளக்கு என்றால் பழைய ஒயரை உருவிவிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று கோர் ஒயர் போட்டு, உடம்பில் எர்த்தை முடுக்கி, 6 ஆம்பியர் த்ரீ பின் டாப் மாட்டுகிறோம். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் வேண்டாம். பிறகு பிளக்கின் பேஸ் பின்னிலிருந்து ஹோல்டரின் நடு நாக்குக்கும், எர்த் பின்னிலிருந்து உடம்புக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் லைன் கொடுப்பது. வாடிக்கையாளரிடம் வீட்டு சாக்கெட்டையும் பார்க்கச் சொல்கிறோம்: எதிரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். அது மாறியிருந்தால் நாம் செய்த வேலை வீண். முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்தால் அதையும் எடுத்துச் சொல்கிறோம். சிலர் வாங்கிப் போகிறார்கள்.

சாமானும் கூலியுமாக முன்னூறு ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. "சின்ன அடாப்டருக்குப் போய் இவ்வளவா? அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஆன்லைனில் போட்டுக்கொள்கிறேன்" என்று போகிறவர்கள் உண்டு. போகட்டும் என்று சொல்வது எளிதல்ல, கடை வாடகை நமக்கும் உண்டு. ஆனால் ஆன்லைன் விற்பனையாளர் அடாப்டரைத்தான் அனுப்ப முடியும். விளக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துச் சீட்டைப் படிக்க அவரால் முடியாது. நம்மிடம் மிஞ்சியிருக்கும் வியாபாரம் அதுதான். அதையும் ஐந்து நிமிட வேலையாக்கிவிட்டால் நம் கவுண்டருக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்?

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. பொருளை விற்பவர் என்பதற்கான விளக்கத்தில் பழுது பார்ப்பவரையும் சேர்த்திருக்கிறார்கள். 86-ஆம் பிரிவின்படி, பொருளை மாற்றியமைத்து அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால் விற்பவர் பொறுப்பு. தயாரிப்பாளர் யார் என்று தெரியாத பொருளை விற்றாலும் அப்படித்தான். பேர் ஊர் இல்லாத அட்டையில் வரும் அடாப்டரைப் பெட்டி பெட்டியாக இறக்கும் மொத்த வியாபாரிகள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். கீழே இரண்டே பின் உள்ள அந்த அடாப்டரில், மேலே எத்தனை ஓட்டை இருந்தாலும் எர்த் போய்ச் சேர வழியே இல்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனை அழைத்து, கடைப் பையன்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வகுப்பு வையுங்கள். முதலாளிகளும் உட்காரலாம், வெட்கமில்லை. முத்திரையில்லாத அடாப்டரை மேசை விளக்குக்கு விற்பதில்லை என்று எலக்ட்ரிகல் பிரிவு உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால், ஒருவர் மறுத்ததை அடுத்தவர் விற்கும் சங்கடமும் இருக்காது.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒரு அமெரிக்க விளக்கையும் ஒரு டெஸ்டரையும் நானே கொண்டு வருகிறேன். ஒயரை மாற்றிக் கொடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டு, கூட்டில் டெஸ்டரை வைத்துக் காட்டுகிறேன். உங்கள் பையன்களையும் அழைத்து வாருங்கள்.