உடைத்துப் பார்க்க ஒரு கணிப்பொறி



கோவை வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜி. டி. நாயுடுவின் மோட்டார் சைக்கிள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கலங்கல் கிராமத்து இளைஞரான அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து நின்றார். கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டார். பிறகு திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதும், 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்ததும் அதன் பிறகு வந்தவை.

இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அந்த வண்டி அவருடைய சொந்த வண்டி. திரும்பப் பூட்ட முடியாமல் போயிருந்தால் நஷ்டம் அவருக்கு மட்டுமே.

உங்கள் வீட்டுக் கணிப்பொறி அப்படிப்பட்டதா? யோசித்துப் பாருங்கள். அதில் அக்காவின் கல்லூரிக் குறிப்புகள் இருக்கும், அம்மா சேர்த்து வைத்த குடும்பப் புகைப்படங்கள் இருக்கும், அப்பாவின் வரவு செலவு இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்க யார் அனுமதிப்பார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு பௌதிக மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்த பிறகு மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். சோமனூர்ப் பக்கத்துப் பையன். அவன் தகப்பனார் கூலிக்குத் தறி ஓட்டுபவர். பாவு எப்போது வந்தது, துணி எத்தனை மீட்டர் போனது, கூலி எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் அந்த ஒரே கணிப்பொறியில்தான் இருந்தது. பையனுக்கு லினக்ஸ் இயங்குதளத்தைப் பழக ஆசை. யாரோ சொன்னதைக் கேட்டு விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதையும் நிறுவ முயன்றிருக்கிறான். நடுவில் திரையில் ஒரு கேள்வி வந்தது. வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்பது அதன் பொருள். கேள்வி புரியாமலேயே ‘சரி’ என்பதை அழுத்திவிட்டான்.

“சார், அப்பா கணக்கெல்லாம் போயிருச்சுங்க. அவருக்கு இன்னும் சொல்லலீங்க” என்றான்.

எங்களால் முடிந்த மட்டும் மீட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. “தம்பி, இன்னிக்கே அப்பாகிட்டச் சொல்லிடு” என்று அனுப்பி வைத்தேன். அதன் பிறகு அவன் எங்கள் ஆய்வகத்தில்கூடக் கணிப்பொறியைத் தொடத் தயங்கினான். அழிந்த கணக்கைவிட அந்தத் தயக்கம்தான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தோன்றியது.

அவனிடம் முன்கூட்டியே யாராவது மெய்நிகர் கணிப்பொறியைப் பற்றிச் சொல்லியிருந்தால் இது நடந்திராது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும், கெட்டுப்போனால் யாரும் கோபித்துக்கொள்ளாத ஒரு கணிப்பொறி வேண்டும் என்பது என் கருத்து. அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இருக்கிற கணிப்பொறிக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

எப்படி என்று பார்ப்போம். விண்டோஸில் நீங்கள் படம் பார்க்கும் மென்பொருளும் கணக்குப் போடும் மென்பொருளும் ஓடுகின்றன அல்லவா? அவற்றைப் போலவே இன்னொரு மென்பொருள். அது ஒரு முழுக் கணிப்பொறியாக நடிக்கிறது. ‘இதோ வட்டு, இதோ நினைவகம், இதோ வலையமைப்பு அட்டை’ என்று தனக்குள் ஓடும் விருந்தாளி இயங்குதளத்திடம் காட்டுகிறது. அந்த வட்டு உண்மையில் உங்கள் வட்டில் இருக்கும் ஒரு பெரிய கோப்புதான். விருந்தாளிக்கு இது தெரியாது. மெய்யான கணிப்பொறியில் தனியாக ஓடுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிதாக விளங்கும். தண்ணீர் ஒன்று, தோட்டங்கள் பல. முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். தன் வரப்புக்குள் யார் என்ன பயிரிட்டாலும் கேள்வியில்லை. ஆனால் மதகைத் திறப்பது மட்டும் பாசன ஊழியரின் வேலை. செயலியும் அப்படித்தான். கூட்டல், கழித்தல் போன்ற சாதாரண ஆணைகளை விருந்தாளி தானே நேரடியாகச் செயலியில் நடத்திக்கொள்ளலாம். அதனால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை. நினைவகப் பங்கீட்டை மாற்றுவது, கருவிகளை ஆள்வது போன்ற மதகு திறக்கும் ஆணைகளை அது பிறப்பித்தால், செயலி அங்கேயே நிறுத்தி, மேற்பார்வை மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும். அது பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, விருந்தாளியைத் தொடர விடும்.

இது நேற்று வந்த புதுமையன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் 1964இல் தொடங்கிய வேலை இது. அங்கு உருவான சி.பி.-40 என்னும் அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஓர் அறையையே நிரப்பும் ஒரு கணிப்பொறியைப் பல பேர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்த காலம். ஆளுக்கொரு கணிப்பொறி இருப்பது போன்ற தோற்றத்தை அவர்கள் உண்டாக்கினர். 1972இல் ஐ.பி.எம். இதனை வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டது. புதிய இயங்குதளம் ஒன்றை எழுதுகிறவர், அது நொறுங்கி விழுந்தாலும் பக்கத்து இருக்கைக்காரரின் வேலை கெடாமல் சோதித்துப் பார்ப்பதற்கும் இது உதவியது. நம் சோமனூர்ப் பையனின் சிக்கலை அவர்கள் அன்றே தீர்த்துவிட்டார்கள்!

நம் மேசைக் கணிப்பொறிகளுக்கு இது வந்து சேரத்தான் நாளாயிற்று. இன்டெல் வகைச் செயலிகளில் ஒரு கோளாறு இருந்தது. மதகைத் தொடும் ஆணைகளில் சில, தடுத்து நிறுத்தப்படாமலேயே நழுவிப் போயின. பென்டியம் செயலியை ஆராய்ந்தவர்கள் இத்தகைய ஆணைகள் 17 இருப்பதாக 2000ஆம் ஆண்டில் எண்ணிக் காட்டினர். அதற்கு முன்பே, 1999இல், வி.எம்.வேர் நிறுவனம் அந்த ஆணைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து மாற்றும் உத்தியால் சமாளித்திருந்தது. பின்னர் 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கு வசதி செய்து தந்தன. இன்று கடையில் கிடைக்கும் மடிக்கணினிகளில் அந்த வசதி அநேகமாக இருக்கிறது. பல மாதிரிகளில் அதை முடக்கி வைத்து விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆகவே முதல் வேலை, அது விழித்திருக்கிறதா என்று பார்ப்பது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செயலியைச் சொடுக்குங்கள். விர்ச்சுவலைசேஷன் என்ற வரிக்கு எதிரே எனேபிள்டு என்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் கணிப்பொறி கிளம்பும்போது பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்க வேண்டும். இன்டெல்லில் வி.டி.-எக்ஸ் என்றும் ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். என்றும் அதற்குப் பெயர். தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அங்கே வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

அடுத்து விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள். 2007 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கிறது. இப்போது ஆரக்கிள் நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. விருந்தாளியாக டெபியன் லினக்ஸை அழைக்கலாம். அதன் சிறிய நிறுவல் கோப்பு ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவு. மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நம் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸும் இருந்தது நினைவிருக்கலாம். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. தெரியாததைத் தொட்டு, தெரிந்ததும் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

நினைவகப் பங்கீட்டில் பேராசை கூடாது. 8 ஜிகாபைட் இருந்தால் விருந்தாளிக்கு 3 கொடுக்கலாம். 4 மட்டுமே இருந்தால் ஒன்றரைக்கு மேல் வேண்டாம், எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய திரைச்சூழலைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் மெதுவாகத்தான் ஊரும். 2 ஜிகாபைட் உள்ள பழைய கணிப்பொறியில் இதை முயல வேண்டாம். வட்டுக்கு 25 ஜிகாபைட் என்று குறித்துவிடுங்கள். அது தேவைக்கேற்பத்தான் வளரும். இன்னொன்று: புதிய விர்ச்சுவல்பாக்ஸ், ‘எல்லாவற்றையும் நானே நிறுவித் தருகிறேன்’ என்று முன்வரும். மறுத்துவிடுங்கள். கேள்விகளை நீங்களே படித்துப் பதில் சொன்னால்தான் பாடம்.

பாதி வழியில் அந்தக் கேள்வி வரும். முழு வட்டையும் அழிக்கலாமா? இம்முறை தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்லுங்கள். அழிவது அந்த ஒரு கோப்பின் உள்ளடக்கம்தான். அப்பாவின் கணக்கு அசையாது.

நிறுவி முடிந்ததும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வையுங்கள். அந்தக் கணத்து நிலை அப்படியே பாதுகாக்கப்படும். அதன்பின் செய்யும் மாற்றங்கள் வேறொரு கோப்பில் எழுதப்படும். பழைய நிலைக்குத் திரும்பு என்றால் அந்த வேறு கோப்பு தூக்கி எறியப்படும், அவ்வளவுதான் சூட்சுமம். இனி உடைக்கத் தொடங்கலாம். நிர்வாகி உரிமையோடு ‘பூட்’ என்னும் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். எழாது. ஏன் எழவில்லை, இதுவரை அதை எழுப்பிக்கொண்டிருந்தது எது என்று தேடிப் படியுங்கள். ஒரு பிற்பகலில், புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் விளங்காதது விளங்கிவிடும். பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். ஒரு நிமிடத்தில் விருந்தாளி பிழைத்தெழுவார்.

என் சக ஆசிரியர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். “நேரடியாக நிறுவினால்தான் கணிப்பொறி புரியும், இது நீச்சல் குளத்து நீச்சல்” என்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. விருந்தாளி பார்க்கும் ஒலி அட்டையும் திரை அட்டையும் பாவனையே. மெய்யான கருவிகளோடு மல்லுக்கட்டும் அனுபவம் இதில் கிடைக்காது. பௌதிகக்காரன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்லியாக வேண்டும்: ஊசலின் அலைவு நேரத்தை மெய்நிகர் கணிப்பொறியில் அளக்காதீர்கள். செயலி முறை வைத்துக் கிடைப்பதால் அதனுள் நேரம் சீராக ஓடுவதில்லை. ஆனால் கிணற்றில் குதிப்பதற்குமுன் ஆழமில்லாத இடத்தில் கையை வீசிப் பழகுவதில் இழுக்கொன்றும் இல்லையே!

இரண்டு எச்சரிக்கைகள். விருந்தாளிக்கும் விண்டோஸுக்கும் பொதுவாக ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டால், அங்கே அழித்தது இங்கேயும் அழியும். அதைத் திறக்காமலே இருங்கள். மேலும், ஸ்னாப்ஷாட் என்பது நகல் அன்று; மெய்யான வட்டு பழுதானால் எல்லாம் சேர்ந்தே போகும். வீட்டுக் கணக்கைத் தனியே ஒரு பென் டிரைவில் எடுத்து வைப்பது எப்போதும் நல்லது.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2018இலேயே விண்டோஸோடு உபுண்டுவும் இடம்பெற்றது. ஆனால் பல பள்ளி ஆய்வகங்களில் மாணவர் அதைப் படத்தில்தான் பார்க்கிறார். கணிப்பொறி கெட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்ற உங்கள் கவலை நியாயமானதே. கால்வனாமீட்டர் கருகிய நாள்களில் நானும் அதே கவலையோடு நின்றவன். ஆய்வகத்துப் பயாஸின் கடவுச்சொல் உங்களிடம்தான் இருக்கிறது. மாணவரால் அதைத் திறக்க இயலாது. ஒரு சனிக்கிழமை நாலைந்து கணிப்பொறிகளிலாவது அந்த வசதியை இயக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தாளியை நிறுவி, ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் எதை உடைத்தாலும் மணி அடிப்பதற்குள் சரி செய்துவிடலாம்.