மெடூசா: பிறவி அரக்கியா?

தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். முகத்தைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். கிரேக்கப் புராணத்து மெடூசாவைப் பலருக்கும் இப்படித்தான் தெரியும்.

ஆனால், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் அவள் பிறவி அரக்கி அல்ல. கூந்தல் அழகுக்குப் பெயர்பெற்ற பெண். மினர்வா தேவியின் கோயிலில், கடல் தெய்வமான நெப்டியூன் அவளைப் பலாத்காரம் செய்தான். தேவி தண்டித்ததோ மெடூசாவை! அந்தக் கூந்தல் பாம்புகளாக மாறியது அப்போதுதான்.

பிறகு, தூங்கிக்கொண்டிருந்தவளின் தலையை வெட்டிய பெர்சியஸ் வீரன் ஆனான். நெப்டியூனுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

இன்னொரு விசித்திரம்... ஓவிடுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கிரேக்கர்கள் மெடூசாவின் முகத்தைக் கேடயங்களிலும் கோயில் முகப்புகளிலும் செதுக்கிவைத்தார்கள். எதற்காக? தீமை அண்டாமல் காப்பதற்காக!